நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்

கார்ஸ்டன், ஐயோவா
அக்டோபர் 11, 1992

அன்புள்ள ட்வைலா,

நானும் மெர்லும் உயிரோடு இருக்கிறோம். அறுவடைக் காலத்தில் அதற்கு மேல் விசாரிப்பது மரியாதை இல்லை. சோயா அறுத்தாயிற்று, சோளம் பாதி நிற்கிறது. உனக்கும் ஜீனுக்கும் உடம்பு எப்படி? அரிசோனாவில் வெயில் குறைந்ததா?

நீ இங்கே மறுபடியும் பிரபலமாகிவிட்டாய். நம் பள்ளியில் பெண்களுக்கான அறுவர் கூடைப்பந்து இந்தப் பருவத்தோடு முடிகிறது. அடுத்த ஆண்டு முதல் நம் பெண்களும் பையன்களைப் போல ஐந்து பேராக மைதானம் முழுக்க ஓடுவார்களாம். சிக்காகோவிலிருந்து வந்த என் மருமகள் ரெனேவுக்கு இதில் என்ன துக்கம் என்று புரியவில்லை. "அப்ப இத்தனை நாளா எப்படி ஆடுனீங்க அத்தை?" என்று கேட்டாள். கூடை போட மூன்று பேர் அந்தப் பாதியில், தடுக்க மூன்று பேர் இந்தப் பாதியில், நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது, இரண்டு தட்டுக்கு மேல் பந்தைத் தட்டக் கூடாது என்று சொன்னேன். "ஏன்?" என்றாள். மைதானம் முழுக்க ஓடினால் பெண்களுக்கு நெஞ்சு வெடித்துவிடும் என்று அந்தக் காலத்தில் சில கனவான்கள் அஞ்சினார்கள் என்றேன். கனவான்கள் அஞ்சிக்கொண்டிருந்த நேரத்தில் அவர்கள் மனைவிமார் வைக்கோல் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரெனே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். காபிக்கடை வட்டமேசையில் ஆண்கள் பகடை உருட்டி, அன்றைய காபிக்கு யார் தலையில் மிளகாய் அரைப்பது என்று முடிவு செய்தபின், ஒரு வாரமாக ஒரே பேச்சு. உன்னையும் பெல்நாப் ஊர் லோர்னா கெஸ்லரையும் ஒத்தைக்கு ஒத்தை விட்டால் யார் ஜெயிப்பார்கள்?

"லோர்னா ஆறடிய்யா. ட்வைலாவுக்கு எக்கிப் பார்த்தாத்தான் கூடையே தெரியும்."

"உயரம் கெடக்கட்டும். ட்வைலா எகிறிப் போட்டா, பந்து எப்ப எறங்குச்சுன்னு நடுவருக்கே தெரியாது."

"பெல்நாப்ல பொண்ணு பொறந்தா தொட்டில் வாங்கமாட்டாங்க. நேரா கூடை மாட்டிருவாங்க."

விதைச்சோளம் விற்கிற ஹார்லன் டைக்ஸ்ட்ராதான் நடுவர். நான் என் காபியோடு திரும்பிச் சொன்னேன்: "அவங்க ரெண்டு பேரும் பொறந்ததுலேருந்து யாரையும் தடுத்ததில்ல. ஒருத்தி போடுவா, இன்னொருத்தி வேடிக்கை பாப்பா. அப்புறம் இவ போடுவா, அவ வேடிக்கை பாப்பா. இதுக்குப் பேரு போட்டியா? தபால் ஆபீஸ் வரிசை."

பிறகு ஹார்லன் மிகுந்த பண்போடு கேட்டார்: "நீங்களும் அப்ப ஆடுனீங்கள்ல, ஆர்டித்?"

நான்கு வருடம் ஆடினேன். அந்த நான்கு வருடமும் இவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரியில் கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று இடைவேளையில் உன்னையும் லோர்னாவையும் நிஜமாகவே மோதவிடக் குழு ஒன்று அமைத்திருக்கிறார்கள். உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன். என் கருத்தையும் கேள், அதை யாரும் கேட்கவில்லை என்பதால் சொல்கிறேன்: நான் தடுக்க நின்றால் நீங்கள் இருவருமே ஒரு புள்ளி எடுக்க மாட்டீர்கள்.

ஜீனுக்கு என் அன்பு. தொப்பி இல்லாமல் வெளியே போகாதே.

ஆர்டித்

•

மேசா, அரிசோனா
அக்டோபர் 19, 1992

அன்புள்ள ஆர்டித்,

எனக்கு உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. உன் கடிதத்தைப் படித்து வந்த வயிற்றுவலி ஒன்றுதான். என் அருமைக் கணவர் ஜீன் கோல்ஃப் ஆடுகிறார், அதாவது பந்தைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார். மெர்ல் அத்தானின் முதுகு எப்படி?

லோர்னா கெஸ்லரா? அவள் நின்ற இடத்திலேயே நின்று தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் போடுவாள். அதை ஆட்டம் என்று சொன்னால் பரணில் சாமான் வைப்பதும் ஆட்டம்தான். வருகிறேன் என்று ஹார்லனிடம் சொல். என் பழைய சீருடை எங்கே இருக்கிறது என்றும் தேடு. எனக்குப் போதாது, ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனி உன் கருத்து. நீ என்னைத் தடுப்பாயா? அக்கா என்ற மரியாதைக்காக, சின்ன வயதில் நம் வீட்டுக் கொட்டகையில் ஆடியபோது நான் விட்டுக்கொடுத்ததை எல்லாம் நீ தடுத்ததாக வரவு வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. ஒன்று கேட்கிறேன். என்னைத் தடுத்துவிட்டாய், பந்து உன் கையில். அப்புறம்? நீ வாழ்நாளில் ஓர் ஆட்டத்திலாவது கூடையை நோக்கிப் பந்து எறிந்திருக்கிறாயா? ஒத்தைக்கு ஒத்தையில் தடுத்தால் புள்ளி கிடையாது, தெரியுமா?

உன் தங்கை, தோற்காத
ட்வைலா

•

கார்ஸ்டன்
அக்டோபர் 28, 1992

அன்புள்ள ட்வைலா,

மெர்லின் முதுகு இருக்கிறது, மெர்லும் அதோடு இருக்கிறார். சோளம் முடிந்தது. உங்கள் இருவரின் சுகமும் அறிந்து மகிழ்ச்சி.

நீ ஒப்புக்கொண்டதை ஹார்லனிடம் சொன்னேன். காபிக்கடையே எழுந்து நின்றது. அதே சூட்டில், ஒரு தடுப்பாட்டக்காரியையும் மைதானத்தில் இறக்கவேண்டும் என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

"தடுக்க."

"அது சரி ஆர்டித், ஆனா ஜனங்க எதைப் பாக்கும்?"

பள்ளித் தாழ்வாரத்தில் இருக்கிற பலகை உனக்கு நினைவிருக்கும். ஓர் ஆட்டத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர்கள் பட்டியல். அதில் நீ முதலாவது. உனக்குக் கீழே பன்னிரண்டு பேர். தடுத்தவர்கள் ஒருத்திகூட இல்லை, ஏனென்றால் நடக்காமல்போன கூடைகளை எண்ணும் கருவி இன்னும் வரவில்லை. மாவட்ட இறுதி ஆட்டத்தில் நான்தான் லோர்னாவுக்கு நின்றேன். அந்தப் பருவத்திலேயே அவள் எடுத்த மிகக் குறைந்த புள்ளி அன்றைக்குத்தான். லோர்னாவுக்கு அன்று உடம்பு சரியில்லை போலும் என்று செய்தித்தாள் எழுதியது. அவள் உடம்பு நன்றாகவே இருந்தது. நான் இருந்தேன், அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், இந்தப் பிப்ரவரியில் ஒரு தடுப்பாட்டக்காரி அந்த மைதானத்தில் நிற்காமல் இந்த ஆட்டத்தை அடக்கம் செய்ய விடமாட்டேன். நிற்பது நானாக இருக்கவேண்டும் என்றில்லை. ஆனால் வேறு யாரும் கேட்கவில்லை.

கொட்டகையில் நீ விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தாய். விட்டுக்கொடுத்தவள் ஏன் அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடினாள் என்று அடுத்த கடிதத்தில் விளக்கு.

அன்புடன்
ஆர்டித்

•

மேசா
நவம்பர் 5, 1992

அன்புள்ள ஆர்டித்,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதிவிட்டேன், அடுத்த இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து.

கண்ணில் வைக்கோல் தூசி. அதனால்தான் அழுதேன்.

சாயங்காலம் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குப் போகிறேன். நேற்று நான்கு பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். "வழி தவறிட்டீங்களா மேடம்?" என்றான் ஒருவன். பந்தை வாங்கி மூலையிலிருந்து எகிறிப் போட்டேன். வலையைத் தவிர வேறு எதுவும் தொடவில்லை. இப்போது என்னை மேடம் என்று கூப்பிடுவதில்லை, தங்கள் பக்கம் ஆடச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். லோர்னாவிடம் சொல்லிவை, பாவம்.

அவசரத்தில்
ட்வைலா

•

கார்ஸ்டன்
நவம்பர் 30, 1992

அன்புள்ள ட்வைலா,

உன் சுகத்துக்கு ஒரு வரி போடு. நன்றிநாள் விருந்துக்கு வழக்கமாக வருகிற கடிதம்கூட இந்த வருடம் வரவில்லை. வான்கோழியை ரெனே சமைத்தாள். நாங்கள் நலமாகத்தான் இருக்கிறோம், வான்கோழிதான் கொஞ்சம் அவதிப்பட்டது.

மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். மூன்று முறையும் ஜீன் எடுத்தார். மூன்று முறையும் நீ நடக்கப் போயிருந்தாய். ஒரு முறை காலை, ஒரு முறை மதியம், ஒரு முறை இரவுச் சாப்பாட்டு வேளை. அரிசோனா பெரிய மாநிலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

லோர்னா பெல்நாப் கிடங்கில் கூடை மாட்டிப் பயிற்சி செய்கிறாளாம். முழங்காலுக்குப் பட்டை கட்டியிருக்கிறாள். ஹார்லன் போய்ப் பார்த்துவிட்டு வந்து முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுகூடத் தப்பலய்யா," என்றார். "அவளை யாராவது தடுத்தாங்களா?" என்று கேட்டேன். "இல்ல, அவ தனியா" என்றார். கூடை அவளைத் தடுக்கவில்லை என்பது எனக்கும் தெரிந்ததுதான்.

எழுது.

ஆர்டித்

•

மேசா
டிசம்பர் 20, 1992

அன்புள்ள ஆர்டித்,

சுகமாக இருக்கிறேன். ஜீன் கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே ஒரு தட்டச்சு இயந்திரம் வாங்கித் தந்தார். அதனால்தான் இந்த அச்செழுத்து. கையெழுத்தும் இதிலேயே.

லோர்னா தப்பாமல் போடட்டும். நான் இப்போது இடது கைக்கும் பயிற்சி கொடுக்கிறேன். அவளுக்கு ஒரு கைதான் தெரியும், எனக்கு இரண்டு.

ஒன்று கேட்க நினைத்தேன். உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் அந்தப் படிகள் இன்னும் இருக்கின்றனவா? கைப்பிடி எந்தப் பக்கம்? ஏறும்போது இடது பக்கம் என்று நினைவு.

மெர்லுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்த்து.

ட்வைலா

•

கார்ஸ்டன்
ஜனவரி 4, 1993

அன்புள்ள ட்வைலா,

புத்தாண்டில் உனக்கும் ஜீனுக்கும் நல்ல உடம்பு இருக்க வேண்டும். இது வழக்கமாக எழுதுகிற வரி இல்லை, வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மழை பெய்து அப்படியே உறைந்து, மரமெல்லாம் கண்ணாடி.

கூடை போடுகிறவளுக்குத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். தடுக்கிறவள் பந்தைப் பார்க்கமாட்டாள். கண்ணையும் பார்க்கமாட்டாள், தோளையும் பார்க்கமாட்டாள். அதெல்லாம் பொய் சொல்லும். இடுப்பைப் பார்ப்பாள். உடம்பின் பாரம் எந்தப் பக்கம் போகிறதோ, அவள் அந்தப் பக்கம்தான் போவாள்.

உன் கடிதத்தில் லோர்னா, இடது கை, இரண்டு கை எல்லாம் படித்தேன். பிறகு கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டிருந்ததையும் படித்தேன். ஆட்ட நாட்களில் அந்தப் படியை நீ ஒருநாளும் மிதித்து ஏறியதில்லை, தாவித்தான் ஏறுவாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பிடி ஏறும்போது இடது பக்கம்தான், நல்ல உறுதியான இரும்பு. இறங்கும்போது அது வலது பக்கமாகிவிடும், அதையும் யோசித்துக்கொள்.

ஹார்லன் சுவரொட்டி அச்சடிக்கப் போகிறார். அவரிடம் என்ன சொல்லட்டும்? ஒரு வார்த்தை போதும். நீ என்ன சொல்கிறாயோ அதையே சொல்கிறேன், அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டேன்.

ஆர்டித்

•

கார்ஸ்டன்
ஜனவரி 29, 1993

அன்புள்ள ட்வைலா,

உன் பதில் வரவில்லை. சுகமாக இருப்பாய் என்று எழுதிவைக்கிறேன்.

நேற்று ஹார்லன் அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டார். காபிக்கடை வாசலில் பிடித்து நிறுத்தினேன். உள்ளே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ட்வைலா ஒரு நிபந்தனை வச்சிருக்கா" என்றேன்.

"என்ன நிபந்தனை?"

"கண்டவங்களோட எல்லாம் அவ ஆடமாட்டாளாம். அவளோட ஒத்தைக்கு ஒத்தை நிக்கணும்னா, லோர்னா மொதல்ல என்னைத் தாண்டி ஒரு கூடை போடட்டும். ஒண்ணே ஒண்ணு போதும். போட்டுட்டா ட்வைலா அடுத்த பஸ்லயே வருவா. போடலைன்னா ட்வைலா எதுக்கு அவ்வளவு தூரம் வரணும்?"

மேசையில் யாரோ பகடையை மட்டும் குலுக்கினார்கள். பிறகு ஹார்லன் சொன்னார்: "நீங்க கூடை போட்டதே இல்லையே ஆர்டித்."

"அன்னைக்கு அவளும் போடமாட்டா."

அங்கேயே கடைத் தொலைபேசியில் லோர்னாவைக் கூப்பிட்டார். அவள் குரல் மேசை வரை கேட்டது. "யாரு, அந்தக் கோந்து மாதிரி ஒட்டிக்கிட்டே இருப்பாளே, அவளா? வரச் சொல்லுய்யா. முப்பத்தஞ்சு வருஷமா அவளுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை. பத்து நிமிடம். வருங்காலத்தைக் காட்டவேண்டும் என்று முழு மைதானமும் ஆடவேண்டுமாம். வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும், அதில் இரண்டு படுக்கை. ஹார்லன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டேன், நீ பதில் போடவில்லை. எது சரியோ அதை எடுத்துக்கொள்.

ஆர்டித்

•

மேசா
பிப்ரவரி 6, 1993

ஆர்டித்,

உன் சுகத்தை இந்த முறை விசாரிக்கப்போவதில்லை.

யார் கேட்டது உன்னை? என் வாசலில் நீ எதற்குக் கதவாக நிற்கிறாய்? நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதாக இப்போது ஊரே பேசும். பெல்நாப்பும் பேசும். லோர்னா அதைச் சட்டம் போட்டு மாட்டுவாள். அறுவர் ஆட்டத்தில் நான் உன் முகத்தைப் பார்த்ததே இல்லை, தெரியுமா? நீ அந்தப் பாதி, நான் இந்தப் பாதி. பந்து கோட்டுக்கு வரும், வாங்கிக்கொள்வேன். என் பாதியில் நீ ஒருநாளும் கால் வைத்ததில்லை. இப்போதும் வைக்காதே.

நான் வரமுடியாது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நிபந்தனையைத் திரும்ப வாங்கினால் நான் பயந்ததாகிவிடும். அதனால் வாங்காதே. தோற்றாயோ, அப்புறம் உன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

அவள் இடது பக்கமாக இரண்டு தட்டு தட்டிவிட்டு வலது பக்கம் திரும்புவாள். எப்போதும் அப்படித்தான். திரும்புமுன் நாக்கை வெளியே நீட்டுவாள். இடுப்பைப் பார்க்கிறவளுக்கு அது தெரிந்திருக்காது.

ட்வைலா

•

கார்ஸ்டன்
பிப்ரவரி 21, 1993

அன்புள்ள ட்வைலா,

நான் சுகம் என்று எழுதினால் பொய். எனக்கு இருப்பதாகவே தெரியாத இடத்திலெல்லாம் வலிக்கிறது. மெர்ல் மாட்டுக்குப் போடுகிற தைலத்தைத் தடவிவிட்டார், அது நன்றாக வேலை செய்கிறது. உன் சுகம் என்ன?

வெள்ளிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. பெல்நாப்பிலிருந்து இரண்டு பஸ். லோர்னா உள்ளே வந்தாள். அதே ஆறடி, தலை மட்டும் வெள்ளை. என் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்: "இன்னும் கோந்துதானாடி நீ?"

"காஞ்சு இறுகிப்போன கோந்து" என்றேன்.

ஹார்லன் விசில் ஊதினார். முதல் பந்து அவளுக்கு. இரண்டு தட்டு இடது பக்கம், நாக்கு வெளியே வந்தது. இடுப்பு அதற்கு முன்பே வலது பக்கம் சொல்லிவிட்டது, இருந்தாலும் உன் தகவலுக்கு நன்றி. அவள் திரும்பியபோது நான் அங்கே இருந்தேன். பந்து என் கைக்கு வந்தது.

இனி நடந்ததை நீ வேறு யாரிடமாவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பந்தோடு திரும்பினேன். இரண்டு தட்டு. நடுக்கோட்டுக்கு வந்தேன். நின்றுவிட்டேன். எதிர்ப்பாதி முழுக்கக் காலி. அடுத்த ஆண்டு ஐவர் ஆட்டம் ஆடப்போகிற பெண்கள் எல்லாம் எழுந்து கத்துகிறார்கள், "போங்க! போங்க!" ரெனே பெஞ்சின் மேல் ஏறி நின்று, "அத்தை, தாண்டுங்க, அங்க யாருமே இல்ல!" என்கிறாள். அதுதான் சிக்கல். யாருமே இல்லை. பந்தை இரண்டு கையிலும் நீட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் யார் வந்து வாங்குவார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

லோர்னா என்ன செய்தாள் என்கிறாய்? என்னைத் துரத்தவில்லை. தன் கூடையின் கீழ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பந்து எப்போது திரும்பி வரும் என்று காத்திருந்தாள். அவளுக்கும் அதற்குமேல் தன் வேலை என்று ஒன்று தெரியாது. பள்ளிப் பெண்கள் சிரித்தார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவர்கள் பார்வையில் விசித்திரமாக எதுவும் நடக்கவில்லை. ஹார்லன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார், பிறகு வேறு வழியில்லாமல் பந்தை லோர்னாவிடம் கொடுத்தார்.

பத்து நிமிடமும் இப்படியே. அவள் போட வருவாள், நான் தடுப்பேன், கோட்டுக்குப் போவேன், நிற்பேன், பந்து அவளிடம் போகும். நான்காவது முறை கால் தாண்டியிருக்கும், நானே நிறுத்திக்கொண்டேன். கூடை போட நான் வரவில்லை. அதற்கு வந்ததாக ஆகிவிட்டால், அவர்கள் கணக்கு சரி என்று ஆகிவிடும்.

கடைசியில் லோர்னாவுக்கு மூச்சு வாங்கியது. தூரத்திலிருந்து, அந்தப் பழைய இரண்டு கை எறி. நான் எகிறினேன். ஐம்பத்து மூன்று வயதில் எகிறுவது என்றால் தரைக்கும் ஷூவுக்கும் நடுவே ஒரு செய்தித்தாள் போகலாம். நடுவிரல் நுனி பட்டது. பந்து வளையத்தில் உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, வெளியே விழுந்தது. மணி அடித்தது.

ஹார்லன் ஒலிபெருக்கியில், "பூஜ்யத்துக்குப் பூஜ்யம், ஆட்டம் சமம்!" என்றார்.

போய் அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். "சமம் இல்ல ஹார்லன். அவ வேலை போடுறது. என் வேலை தடுக்கிறது. யாரு வேலை முடிஞ்சிருக்கு?"

லோர்னா தரையில் உட்கார்ந்து பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அவ சொல்றதுதான்யா சரி. எழுதுங்க" என்றாள்.

மேலே படிக்கட்டு வரிசைகளில் சிலர் எழுந்தார்கள். எல்லோரும் நம் வயது, சிலர் இன்னும் மூத்தவர்கள். எனக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. எல்லா ஊர்த் தடுப்பாட்டக்காரிகளும். கைதட்டல் வாங்கிப் பழகாதவர்கள் கைதட்டினால் அது ஒழுங்காக வருவதில்லை, ஆளுக்கொரு நேரத்தில் வருகிறது. ஆனால் நிற்கவில்லை.

செய்தித்தாளில் லோர்னாவின் படம் பெரிதாக வந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. என்னுடையது.

கிளம்பும்போது லோர்னா என்னைத் தனியாக இழுத்து, "ட்வைலா நெஜமா எப்படி இருக்கா?" என்றாள்.

"ரொம்பத் திமிரா இருக்கா" என்றேன்.

அவள் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அப்ப சரி" என்றாள்.

எழுது, ட்வைலா.

ஆர்டித்

•

மேசா
மார்ச் 15, 1993

அன்புள்ள அக்கா,

இந்தக் கிறுக்கல் இடது கை. இந்தப் பக்கத்தை எழுத நான்கு நாள் ஆயிற்று, அதனால் மரியாதையாகப் படி.

நவம்பரில் ஒருநாள் காலை காபிக் கோப்பையை எடுக்கச் சொன்னேன், வலது கை கேட்கவில்லை. கால் பாதி கேட்கிறது. பேச்சு முதல் மாதம் குழறியது, இப்போது ஜீனைத் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டது. அவ்வளவுதான். இதைப் பற்றி இனி நான் எழுதமாட்டேன், நீயும் எழுதக் கூடாது. "பாவம்" என்று ஒரு சொல் உன் கடிதத்தில் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

உன் கடிதத்தை ஜீன் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். மூன்றாம் முறை நானே படித்தேன். நீ கோட்டில் நின்ற இடம் வந்ததும் ஜீன் சிரித்தார், அவரை வெளியே அனுப்பிவிட்டேன்.

ஆனால் உனக்குத் தலைகால் தெரியாமல் போயிருக்கும், அந்தப் பெருமையைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். நீ தடுத்தது லோர்னாவை. என்னை இல்லை. நீ தொடங்கிவைத்த பேச்சு அது இல்லை. "நீங்கள் இருவருமே" என்று எழுதியிருந்தாய், கடிதம் என்னிடம் இருக்கிறது.

மே மாதம் வருகிறேன். மருத்துவர் கூடாது என்கிறார், ஜீன் கூடாது என்கிறார், இருவரும் கூடை போட்டதில்லை. பள்ளிக்கூடம் வேண்டாம், ஹார்லன் வேண்டாம், கூட்டம் வேண்டாம். நீயும் நானும் மட்டும். நிற்க முடிந்தால் நின்று போடுவேன், முடியாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து போடுவேன். இடது கையால். இங்கே பையன்கள் பந்து பொறுக்கிக் கொடுக்கிறார்கள், பத்துக்கு மூன்று விழுகிறது.

நீ ஓர் அங்குலம் விலகி நின்றாலும் எனக்குத் தெரியும். விலகினால் அன்றைக்கே திரும்பிவிடுவேன், கல்லறைக்குக்கூட உன்னைக் கூப்பிடமாட்டேன்.

மெர்லுக்கு என் அன்பு. உன் வலி எப்படி?

ட்வைலா

•

கார்ஸ்டன்
மார்ச் 22, 1993

அன்புள்ள ட்வைலா,

வலி போய்விட்டது. இங்கே எங்கும் சேறு. மற்றபடி சுகம். உன் சுகத்தை நீ கேட்டுக்கொண்டபடியே விசாரிக்கவில்லை.

வா. இயந்திரக் கொட்டகையில் டிராக்டரை வெளியே தள்ளிவிட்டு, சுவரில் கூடை மாட்டியாயிற்று. தினமும் சாயங்காலம் மெர்லை நாற்காலியில் உட்காரவைத்து, இடது கையால் எறியச் சொல்லி, எதிரே நின்று தடுக்கிறேன். மனிதர் முகம் சுளிக்காமல் ஒரு மணி நேரம் எறிகிறார்.

இதுவரை ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

ஆர்டித்